நடவாத மறுபோட்டி: சாம் லாங்ஃபோர்டின் வாழ்க்கை

கல்விக்கெனத் தோன்றிய சங்கத்தின் வெள்ளி விழா மலரில் குத்துச்சண்டை வீரர் ஒருவரின் வாழ்க்கை எதற்கு என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. நம் இளைஞர்கள் விளையாட்டை விரும்புகிறவர்கள். எவர் பெரிய வீரர், எவர் எவரை வென்றிருப்பார் என்று பொழுது போவது தெரியாமல் வாதிடுகிறவர்கள். அத்தகைய வாதங்களுள் நூறாண்டுகளுக்கு மேலாகியும் முடிவுறாத ஒன்று உண்டு. ஜாக் ஜான்சனும் சாம் லாங்ஃபோர்டும் இரண்டாம் முறை மோதியிருந்தால் வென்றிருப்பவர் யார் என்பதே அது. இருவரும் கறுப்பினத்தவர். 1906-ஆம் ஆண்டில் ஒரே ஒரு முறை மோதினர். மறுபோட்டி நடைபெறவே இல்லை. அது ஏன் நடைபெறவில்லை என்று ஆராயப் புகுந்தால், விளையாட்டைக் கடந்த செய்தி ஒன்று நமக்குக் கிடைக்கிறது. அதன்பொருட்டே லாங்ஃபோர்டின் வாழ்க்கையை இங்கே சுருக்கி எழுதுகிறோம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு நமக்கு அயலானதன்று. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1946-ஆம் ஆண்டில் கறுப்பினப் பேரறிஞர் டூ பாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதி, அம்மக்களின் நிலைக்கும் இந்நாட்டுத் தீண்டப்படாதோர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டியவர். அண்ணல் அங்கே பயின்ற அதே ஆண்டுகளில், லாங்ஃபோர்டு தம் ஆற்றலை உலகறியக் காட்டிவிட்டு, அடைத்த கதவு ஒன்றின் முன் காத்து நின்றார்.

பிறப்பும் இளமையும்

கனடா நாட்டின் கீழ்க்கடலோரத்தில் நோவா ஸ்கோஷியா என்னும் மாநிலம் உள்ளது. அங்குள்ள வேமவுத் ஃபால்ஸ் என்னும் சிற்றூரில் லாங்ஃபோர்டு பிறந்தார். அமெரிக்க விடுதலைப் போருக்குப் பின் அப்பகுதியில் வந்து குடியேறிய கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த ஊர் அது. அவர் பிறந்த ஆண்டை 1883 என்றும் 1886 என்றும் இருவேறாகக் குறிப்பர். வறுமையும் தந்தையின் கொடுமையும் தாங்காமல் சிறுவனாக இருக்கும்போதே வீட்டைவிட்டு வெளியேறினார். கிடைத்த கூலி வேலைகளைச் செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டு, முடிவில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார்.

அந்நகரில் ஜோ வுட்மன் என்பவர் மருந்துக்கடை நடத்தி வந்தார். குத்துச்சண்டைப் பந்தயங்களை ஏற்பாடு செய்வதும் அவர் தொழில். பசியோடு வந்து நின்ற சிறுவனுக்கு அவர் வேலை கொடுத்தார். பயிற்சிக்கூடத்தில் சில்லறை வேலைகளைச் செய்துகொண்டே, பிறர் பழகுவதைக் கண்ணால் பார்த்துப் பார்த்து அச்சிறுவன் தொழிலைக் கற்றான். 1902-ஆம் ஆண்டிலேயே பணத்திற்காகப் பந்தயம் ஆடும் வீரனாகிவிட்டான்.

மறு ஆண்டே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1903 டிசம்பர் 8-ஆம் நாள் பாஸ்டனில் ஜோ கான்ஸ் என்னும் உலக வாகையரை 15 சுற்றுகளில் புள்ளிக் கணக்கில் வென்றார். லாங்ஃபோர்டின் எடை அப்பிரிவின் வரம்பைக் கடந்திருந்தமையால் பட்டம் கைமாறவில்லை. 1904 செப்டம்பர் 5-ஆம் நாள், அடுத்த எடைப்பிரிவின் வாகையரான பார்படோஸ் ஜோ வால்காட்டுடன் 15 சுற்றுகள் ஆடினார். லாங்ஃபோர்டே வென்றார் என்று பார்த்தவர் பலர் கருதினர். நடுவரோ சமன் என்று தீர்ப்பளித்தார். ஆகவே அப்பட்டமும் கிட்டவில்லை. அவர் வாழ்க்கை முழுவதற்கும் இவ்விரு நிகழ்ச்சிகளே முன்னறிவிப்பாயின.

மேல்தளத்திற்கு மட்டும் தடை

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். கான்சும் வால்காட்டும் கறுப்பினத்தவரே. அவர்கள் உலகப் பட்டம் பெற முடிந்ததே, பிறகு தடை எங்கே என்று கேட்கத் தோன்றும். குறைந்த எடைப்பிரிவுகளில் கறுப்பினத்தவரைப் பொறுத்துக்கொண்ட வெள்ளையர் சமுதாயம், மிகை எடைப்பிரிவில் மட்டும் பொறுத்துக்கொள்ளவில்லை. அப்பிரிவின் வாகையரே உலகின் மிக வலிய மனிதர் என்று மக்கள் எண்ணினர். அந்த இடத்தில் கறுப்பர் ஒருவர் அமர்வதை அவர்கள் விரும்பவில்லை. வாகையராக இருந்த ஜான் சல்லிவன் கறுப்பினத்தவருடன் ஆடமாட்டேன் என்று வெளிப்படையாகவே அறிவித்தார். பின் வந்த ஜெஃப்ரிஸ் அதே வழியைப் பின்பற்றி, 1905-இல் தோல்வி காணாதவராகவே ஓய்வு பெற்றார். சட்டம் எதுவும் இத்தடையை விதிக்கவில்லை. வழக்கம் ஒன்றே போதுமானதாக இருந்தது. கீழ்ப்படிகளில் இடம் கொடுத்துவிட்டு, மேல்தளத்தின் கதவை மட்டும் அடைத்து வைக்கும் முறையை நாம் அறியாதவர்கள் அல்லோம்.

செல்சி நகரப் பந்தயம்

1906 ஏப்ரல் 26-ஆம் நாள் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துச் செல்சி நகரில் ஜான்சனும் லாங்ஃபோர்டும் சந்தித்தனர். டெக்சாஸ் மாநிலத்துக் கால்வெஸ்டன் நகரில் 1878-இல் பிறந்த ஜான்சனுக்கு அப்போது வயது 28. உயரம் ஆறடிக்கு மேல். லாங்ஃபோர்டின் உயரம் ஐந்தடி ஏழு அங்குல அளவே. எடையிலும் ஏறத்தாழ 30 பவுண்டு குறைந்தவர். 15 சுற்றுகள் நடந்தன. லாங்ஃபோர்டு தரையில் வீழ்த்தப்பட்டார். எனினும் எழுந்து கடைசிச் சுற்று வரை நின்றார். நடுவர் ஜான்சனையே வென்றவராக அறிவித்தார்.

பின்னர் ஜான்சன் புகழ் பெற்றபோது, இப்பந்தயத்தைப் பற்றி வேறொரு கதை உலவத் தொடங்கியது. லாங்ஃபோர்டுதான் ஜான்சனை வீழ்த்தினார் என்றும், நடுவர் அநீதி இழைத்தார் என்றும் அக்கதை கூறிற்று. அதைப் பரப்பியவர் வுட்மன். மறுபோட்டிக்கு மக்களின் ஆவலைத் தூண்டுவதே அவர் நோக்கம். ஆனால் அந்நாளைய செய்தித்தாள்களின் குறிப்புகள் அதற்கு மாறாக உள்ளன. லாங்ஃபோர்டும் அன்று தாம் கடுமையாக அடிபட்டதைப் பின்னாளில் மறையாது ஒப்புக்கொண்டார். நம்மவர் என்பதற்காகப் பொய்யைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. லாங்ஃபோர்டுக்கு இழைக்கப்பட்ட அநீதி 1906-இல் நிகழ்ந்ததன்று. அதற்குப் பிறகு நிகழ்ந்தது.

திறந்த கதவும் மூடிய கதவும்

1908 டிசம்பர் 26-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஜான்சன், டாமி பர்ன்சை வென்று மிகை எடைப்பிரிவின் உலக வாகையர் ஆனார். அப்பிரிவில் அப்பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. பர்ன்சைத் தேடி நாடு நாடாக அலைந்து, பெருமுயற்சிக்குப் பின்னரே அவர் அந்த வாய்ப்பைப் பெற்றார். பட்டத்தை வென்றபின் இலண்டன் தேசிய விளையாட்டுக் கழகத்தில் லாங்ஃபோர்டுடன் ஆடுவதற்கு முன்னரே இசைவு கொடுக்கப்பட்டிருந்தது. பட்டம் கைக்கு வந்தபின் அந்த இசைவு நிறைவேற்றப்படவில்லை. 1909 மே மாதம் அதே கழகத்தில் ஜான்சன் நிற்க வேண்டிய இடத்தில் ஆங்கில வீரர் இயன் ஹேக் நின்றார். அவரை நான்காம் சுற்றில் வீழ்த்திவிட்டு லாங்ஃபோர்டு ஊர் திரும்பினார்.

அதன்பின் ஆறாண்டுக்கு மேல் ஜான்சன் வாகையராக விளங்கினார். அக்காலத்தில் அவரை எதிர்த்து நின்றவர்களை எண்ணிப் பார்ப்போம். 1909 அக்டோபரில் நடுத்தர எடைப்பிரிவு வாகையர் ஸ்டான்லி கெட்சலுடன் ஆடினார். ஆகவே எதிரி உருவத்தில் சிறியவர் என்பது தடையாக இருக்கவில்லை. 1912 ஜூலையில் ஜிம் ஃப்ளின்னுடன் ஆடினார். அந்த ஃப்ளின்னை லாங்ஃபோர்டு முன்னரே இரு முறை வீழ்த்தியிருந்தார். ஆகவே எதிரி தகுதி குறைந்தவர் என்பதும் காரணமாக இருக்க முடியாது. ஜான்சன் தம் பட்டத்தைப் பந்தயமாக வைத்து ஆடிய கறுப்பினத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பேட்லிங் ஜிம் ஜான்சன் என்னும் பெயருடையவர். 1913 டிசம்பரில் பாரிஸ் நகரில் நடந்த அப்பந்தயம் பத்துச் சுற்றுகளில் சமனாக முடிந்தது. அந்த ஜிம் ஜான்சனைப் பலமுறை வென்றவர் லாங்ஃபோர்டு.

ஜாக் ஜான்சன் தரப்பையும் நாம் நடுநிலையோடு கேட்க வேண்டும். கறுப்பர் இருவர் மோதுவதைக் காண வெள்ளையர் பணம் கொடுக்க மாட்டார்கள் என்பது அவர் கூறிய காரணம். அதில் பொய்யில்லை. வெள்ளை வீரர் ஒருவர் தம்மை வீழ்த்துவதைக் காண வேண்டும் என்னும் ஆவலே அக்காலத்தில் மக்களை அரங்கிற்கு இழுத்தது. 1910 ஜூலை 4-ஆம் நாள் ரீனோ நகரில் அவர் ஜெஃப்ரிசை வென்றபோது, நாடெங்கும் பல நகரங்களில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டனர். உயிர்கள் பல மாண்டன. 1913-இல் அநீதியான வழக்கு ஒன்றில் தண்டிக்கப்பட்டு, நாட்டைவிட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் அயல்நாடுகளில் அலைந்தார். அத்தண்டனைக்கு 2018-ஆம் ஆண்டில்தான் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மன்னிப்புக் கிடைத்தது. 1946-இல் மோட்டார் விபத்தில் அவர் இறந்து 72 ஆண்டுகள் கழிந்திருந்தன. இத்தனை பகைக்கு நடுவே ஒற்றை ஆளாக நிமிர்ந்து நின்ற அவருடைய நெஞ்சுரத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நிறத் தடையை வகுத்தவர் ஜான்சன் அல்லர். அதை உடைத்துக்கொண்டு உள்ளே சென்ற அவரே, தம் பின்னால் வந்தவர்களுக்கு அத்தடையை அப்படியே விட்டுவைத்தார். தம்மை அலைக்கழித்த வெள்ளை வாகையர்கள் கூறிய காரணங்களுக்கும், லாங்ஃபோர்டிடம் தாம் கூறிய காரணங்களுக்கும் இடையே வேறுபாடு அதிகம் இருக்கவில்லை.

எவர் வென்றிருப்பார்?

இனி அந்தப் பழைய வாதத்திற்கு வருவோம். ஜான்சன் தற்காப்புக் கலையில் நிகரற்றவர். எதிரியின் கையைத் தம் கையால் தடுத்துப் பிணைத்து, அவரைச் சோரவைத்து, தாம் விரும்பும் நேரத்தில் தாக்குபவர். லாங்ஃபோர்டு உயரம் குறைந்தவராயினும் தோள் அகன்றவர். உருவத்திற்கு மிஞ்சிய நீண்ட கைகள் உடையவர். நெருங்கி நின்று குறுகிய தொலைவிலிருந்தே ஆளை வீழ்த்தும் வலிமை படைத்தவர்.

மறுபோட்டி 1909-இலோ 1910-இலோ நடந்திருந்தால் ஜான்சனுக்கே வாய்ப்பு மிகுதி என்பது நம் கருத்து. அவர் அப்போது தம் ஆற்றலின் உச்சத்தில் இருந்தார். ரீனோவில் முன்னாள் வாகையரை 15-ஆம் சுற்றில் முடித்த ஜான்சன் அவர். உயரமும் எடையும் அவர் பக்கமே இருந்தன. 1906-இன் முடிவு தலைகீழாக மாறியிருக்கும் என்று நம்புவதற்கு இடம் குறைவு.

அதே போட்டி 1913-இல் நடந்திருந்தால் நம் தீர்ப்பு வேறு. ஜான்சனுக்கு வயது 35. ஒழுங்கான பயிற்சி இல்லை. வழக்கும் நாடு கடந்த வாழ்வும் அவரை அலைத்தன. லாங்ஃபோர்டோ செல்சியில் நின்ற மெலிந்த இளைஞர் அல்லர். எடை கூடி, வலிமை முற்றி, மூன்று கண்டங்களில் ஆடிப் பழுத்த வீரர். தம்மால் வெல்லப்பட்ட ஜிம் ஜான்சனை வெல்ல முடியாமல் சமன் செய்த வாகையரை, அவ்வாண்டு அவர் வென்றிருப்பார் என்றே நாம் கருதுகிறோம்.

ஆகவே விடை ஆண்டைப் பொறுத்தது. ஆண்டைக் குறிக்கும் உரிமையோ பட்டத்தைக் கையில் வைத்திருந்தவரிடம் இருந்தது. அவர் எந்த ஆண்டையும் குறிக்கவில்லை. வாய்ப்பை மறுப்பதற்கு எப்போதும் இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை; இப்போது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதும். மற்றவன் கிழவனாகிவிடுவான்.

மறுபோட்டிகளே வாழ்க்கையாயின

வாகையருடன் மறுபோட்டி கிட்டாத லாங்ஃபோர்டுக்கு மற்ற மறுபோட்டிகளுக்குக் குறைவில்லை. பட்டத்திற்குத் தகுதியிருந்தும் ஒதுக்கப்பட்ட கறுப்பின வீரர்கள் வேறு மூவர் இருந்தனர். ஜோ ஜெனட், சாம் மெக்வே, ஹாரி வில்ஸ் என்பார் அவர்கள். இந்த மூவருடனும் லாங்ஃபோர்டு ஒவ்வொருவரோடும் பத்து முறைக்கு மேல் ஆடினார். வேறு வழியில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக ஒருவரையொருவர் திரும்பத் திரும்ப அடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பாஸ்டன், பாரிஸ், சிட்னி எங்கும் இதே கதைதான். அவர் ஆடியதாகப் பதிவாகியுள்ள பந்தயங்கள் 250-க்கும் மேற்பட்டவை. உலகப் பட்டத்திற்கான பந்தயம் ஒன்றுகூட அவற்றுள் மிகை எடைப்பிரிவில் இல்லை.

1915 ஏப்ரல் 5-ஆம் நாள் ஹவானா நகரில் ஜான்சன், ஜெஸ் வில்லர்டு என்னும் வெள்ளை வீரரிடம் 26-ஆம் சுற்றில் பட்டத்தை இழந்தார். உடனே கதவு முன்போலவே அடைபட்டது. மற்றொரு கறுப்பினத்தவரான ஜோ லூயி 1937 ஜூன் 22-ஆம் நாள் அப்பட்டத்தை வெல்லும்வரை, 22 ஆண்டுகள் அது திறக்கவில்லை. இடையில் வாகையராக இருந்த ஜாக் டெம்ப்சி, இளமையில் தாம் லாங்ஃபோர்டைக் கண்டு அஞ்சியதைப் பிற்காலத்தில் தம் நூலில் ஒளிக்காமல் எழுதினார். அப்புகழுரை லாங்ஃபோர்டின் பசியைத் தீர்க்கவில்லை.

இருளும் இறுதியும்

1917 ஜூன் மாதம் ஃப்ரெட் ஃபுல்டனுடன் நடந்த பந்தயத்தில் லாங்ஃபோர்டின் ஒரு கண் பார்வை இழந்தது. மற்ற கண்ணும் நாளடைவில் மங்கியது. அவரோ ஓயவில்லை. ஓய்ந்தால் உணவில்லை. 1922-இல் அட்லாண்டா நகரில், ஏறத்தாழப் பார்வையற்ற நிலையில், டைகர் ஃப்ளவர்ஸ் என்னும் இளைஞரை இரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். அந்த ஃப்ளவர்ஸ் 1926-இல் நடுத்தர எடைப்பிரிவின் உலக வாகையர் ஆனவர். 1923-இல் மெக்சிகோ சென்று அந்நாட்டு மிகை எடைப் பட்டத்தையும் வென்றார். எதிரியைக் காண இயலாததால் நெருங்கிச் சென்று உடலால் தொட்டு உணர்ந்து அடித்தார் என்பர். 1926-இல் கண்கள் முற்றும் கைவிட, மேடையைவிட்டு இறங்கினார்.

பிறகு உலகம் அவரை மறந்தது. 1944-இன் தொடக்கத்தில் அல் லேனி என்னும் பத்திரிகையாளர் அவரைத் தேடி நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அலைந்தார். அவர் இறந்துவிட்டார் என்றே பலரும் கூறினர். முடிவில் இருண்ட சிற்றறை ஒன்றில், முற்றும் பார்வையிழந்து, வறுமையில் தனித்திருந்த லாங்ஃபோர்டைக் கண்டார். அவர் எழுதிய கட்டுரையைப் படித்தவர்கள் 10,000 டாலருக்கு மேல் நிதி திரட்டினர். எஞ்சிய நாட்களுக்கு உணவுக்கும் உறையுளுக்கும் வழி பிறந்தது. வந்தவர்களிடம் லாங்ஃபோர்டு சிரித்துப் பேசினாரேயன்றி, எவரையும் நொந்து கொள்ளவில்லை. 1956 ஜனவரி 12-ஆம் நாள் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் காலமானார்.

நாம் கொள்ளவேண்டுவது

லாங்ஃபோர்டின் பொறுமையைப் போற்றி, அதனோடு நிறைவடைவது நமக்குப் போதாது. பொறுமை அவருக்குப் பெருமை. அப்பொறுமையை அவரிடம் வேண்டிய உலகத்திற்கு அது பெருமையன்று.

நம் சங்கத்தின் 25 ஆண்டுகளில் படித்து முன்னேறிய இளைஞர்கள் உள்ளனர். தம் தெருவிலிருந்து அலுவலகப் படியேறிய முதல் ஆள் தாமாகவே இருந்தவர்களும் அவர்களுள் உண்டு. அவர்கள் ஏறிய படி எளிதன்று. ஜான்சனைப் போலவே பகைக்கு நடுவே ஏறினர். மேலே சென்றபின் அங்கே ஒரே ஒரு நாற்காலிதான் நமக்கென்று போடப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் எவருக்கும் வருவது இயல்பு. பின்னால் வருபவனுக்கு உதவினால் தம் இடம் போய்விடுமோ என்ற அச்சமும் இயல்பு. ஜான்சனுக்கு இருந்த அச்சம் இதுவே. ஆனால் லாங்ஃபோர்டைத் தடுத்து நிறுத்தியதால் ஜான்சன் தம் பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. அது வேறொருவரிடம் போயிற்று; போன பிறகு 22 ஆண்டுகள் அவர் இனத்தவர் எவருக்கும் கிட்டவில்லை. லாங்ஃபோர்டு வென்றிருந்தால் பட்டம் ஜான்சனை விட்டுப் போயிருக்கும். கதவு திறந்தபடி இருந்திருக்கும்.

எவர் வென்றிருப்பார் என்று இளைஞர்கள் இன்னும் வாதிடட்டும். அது இனிய வாதம். அதை முடித்து எழும்போது, தம்மிடம் விண்ணப்பத்தோடு வந்து, இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று தாம் திருப்பி அனுப்பிய நம் பிள்ளைகள் எவரேனும் உண்டா என்பதை ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்க வேண்டும். இருப்பின், அவர்களை இவ்வாண்டே அழைத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.